அமெரிக்காவில் அம்ப்ரெல்லா காப்பீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக எழுதியது. வீடு வாங்கும்போது, பிள்ளை லைசென்ஸ் எடுக்கும்போது, கார் பாலிசியைப் புதுப்பிக்கும்போது இந்தக் கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பாலிசி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் கையெழுத்துப் போடுமுன் உங்கள் பாலிசியையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அம்ப்ரெல்லா பாலிசி என்றால் என்ன?

உங்கள் தவறால் இன்னொருவருக்கு அடிபட்டாலோ அவர் பொருள் சேதமானாலோ, அதற்கான நஷ்டஈட்டை முதலில் உங்கள் கார் பாலிசியோ வீட்டு பாலிசியோ கொடுக்கும். அதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பு தீர்ந்த பிறகு மிச்சத்தைக் கொடுப்பதுதான் அம்ப்ரெல்லா. பொதுவாக 1 மில்லியன் டாலரில் ஆரம்பித்து, மில்லியன் மில்லியனாக ஏற்றிக்கொண்டு போகலாம். பல கம்பெனிகள் 5 மில்லியன் வரை கொடுக்கின்றன, சில அதற்கு மேலும் கொடுக்கின்றன.

இது உங்கள் காரை ரிப்பேர் செய்யாது, உங்கள் ஆஸ்பத்திரி செலவையும் கொடுக்காது. நீங்கள் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டியதை மட்டும்தான் கொடுக்கும்.

என் காருக்கு ‘ஃபுல் கவரேஜ்’ எடுத்திருக்கிறேன். அது போதாதா?

போதாது. ஊரிலிருந்து வந்தவர்கள் ஏமாறும் முதல் இடமே இதுதான். ‘ஃபுல் கவரேஜ்’ என்று ஏஜென்ட் சொல்வது பெரும்பாலும் கொலிஷன், காம்ப்ரிஹென்சிவ் இரண்டும் சேர்ந்திருக்கிறது என்பதைத்தான். இரண்டுமே உங்கள் காரைக் காப்பாற்றுபவை. நீங்கள் இடித்த மனிதருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது லையபிலிட்டி என்ற தனி வரியில் இருக்கிறது.

நம் ஆட்கள் இதைக் கவனிக்காமல் விடுவதற்கு நியாயமான காரணம் உண்டு. இந்தியாவில் காருக்கு எடுக்கும் தேர்ட் பார்ட்டி பாலிசியில், ஒருவர் அடிபட்டாலோ இறந்தாலோ தர வேண்டிய நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. தீர்ப்பாயம் சொல்லும் தொகையைக் கம்பெனி கொடுக்கிறது. அடுத்தவர் சொத்துச் சேதத்துக்குத்தான் ஏழரை லட்சம் ரூபாய் என்ற வரம்பு. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவருக்கு, ‘இன்சூரன்ஸ் இருக்கிறது, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று தோன்றுவது இயல்பு. அமெரிக்காவில் கம்பெனி பார்த்துக்கொள்வது பாலிசியில் எழுதிய எண் வரைக்கும்தான்.

அந்த எண் எவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்று பாருங்கள். கலிஃபோர்னியாவில் சட்டம் கேட்ட குறைந்தபட்சம் 1967 முதல் 2024 கடைசி வரை 15/30/5 தான். அதாவது ஒருவருக்கு 15,000 டாலர், ஒரு விபத்தில் அடிபட்ட எல்லோருக்கும் சேர்த்து 30,000, பொருள் சேதத்துக்கு 5,000. 2025 ஜனவரியிலிருந்துதான் அது 30/60/15 ஆனது. டெக்சாஸில் 30/60/25. நியூ ஜெர்சியில் வழக்கமான பாலிசிக்கு 2026 ஜனவரி முதல் 35/70/25. ஃபுளோரிடாவில் பெரும்பாலான ஓட்டுநர்கள் அடுத்தவர் உடற்காயத்துக்கென்று லையபிலிட்டி வைத்திருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

இன்று இரவே உங்கள் பாலிசியின் டிக்ளரேஷன் பேஜை, அதாவது வரம்புகளைப் பட்டியல் போட்டிருக்கும் சுருக்கப் பக்கத்தை, எடுத்துப் பாருங்கள். வழக்கமாக முதல் பக்கத்திலேயே இருக்கும். ‘பாடிலி இஞ்சுரி’ (அடுத்தவர் உடற்காயம்) என்ற வரிக்கு நேரே இரண்டு எண்கள் இருக்கும். 50,000 / 100,000 என்றோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், அம்ப்ரெல்லாவைப் பற்றி யோசிப்பதற்கு முன் அந்த வரியைச் சரி செய்ய வேண்டும்.

ஒரு விபத்துக்கு மில்லியன் கணக்கிலா கேட்பார்கள்?

எல்லா விபத்துக்கும் இல்லை. பின்னால் லேசாகத் தட்டிய கேஸ்கள் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். ஆனால் ஒரு மனிதர் மோசமாக அடிபட்டால் கணக்கு வேகமாக ஏறுகிறது. ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ், அறுவை சிகிச்சை, ஐ.சி.யூ., மாதக்கணக்கில் பிசியோதெரபி. அப்புறம் அவர் இழந்த சம்பளம், இனி சம்பாதிக்க முடியாமல் போகும் சம்பளம். அதற்கும் மேல் வலிக்கும் வேதனைக்கும் ஜூரி தனியாக ஒரு தொகை போடலாம். அவருடைய ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பில்லைக் கட்டியிருந்தாலும், கட்டிய பணத்தை அவருக்குக் கிடைக்கும் நஷ்டஈட்டிலிருந்து திருப்பிக் கேட்க முடியும். அதனால் ‘அவருக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே’ என்று நிம்மதியாக இருக்க முடியாது.

ஒரு உதாரணக் கணக்கு. சிக்னலில் இடது பக்கம் திரும்புகிறீர்கள், எதிரே நேராக வந்த மோட்டார் சைக்கிளைக் கவனிக்கவில்லை. தவறு உங்களுடையது. மருத்துவச் செலவு 350,000 டாலர், சம்பள இழப்பு 200,000, வலிக்கும் வேதனைக்கும் 300,000, ஆக மொத்தம் 850,000 என்று முடிவாகிறது. உங்கள் பாலிசி 100/300 என்றால் கம்பெனி 100,000 கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். ஒருவர்தான் அடிபட்டார் என்பதால் அந்த 300 உங்களுக்கு உதவாது. மீதி 750,000 உங்கள் தலையில். அதே விபத்தில் கார் பாலிசி 250/500 ஆக இருந்து, மேலே 1 மில்லியன் அம்ப்ரெல்லாவும் இருந்தால், கார் பாலிசி 250,000 கொடுக்கும், அம்ப்ரெல்லா 600,000 கொடுக்கும். உங்கள் கையிலிருந்து எதுவும் போகாது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. அந்த மோட்டார் சைக்கிள்காரருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. நம் பாலிசியில் பணம் இல்லையென்றால், நாம் திவாலானாலும் அவருக்குச் சேர வேண்டியது முழுதாகச் சேரப் போவதில்லை. நம் கவனக்குறைவால் படுத்துவிட்ட ஒருவருக்கு நாம் செய்யக்கூடிய உருப்படியான காரியம், அவருடைய செலவுக்குப் போதுமான காப்பீட்டை முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பதுதான்.

என்னிடம் பெரிய சொத்து எதுவும் இல்லையே, எனக்கு எதற்கு?

வீடு இல்லாவிட்டாலும் சம்பளம் இருக்கிறது. நீதிமன்றத் தீர்ப்பை வைத்து, பல மாநிலங்களில் சம்பளத்திலிருந்தே பிடிக்கலாம். கூட்டாட்சிச் சட்டப்படி, சாதாரணக் கடன் தீர்ப்புகளுக்குப் பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளத்தில் 25 சதவீதம் வரை பிடிக்க முடியும். மாநிலங்கள் அதைக் குறைக்கலாம். டெக்சாஸ் இந்த மாதிரிக் கடன்களுக்குச் சம்பளத்தில் கை வைக்கவே விடுவதில்லை. தீர்ப்பு சீக்கிரம் காலாவதியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். கலிஃபோர்னியாவில் 10 ஆண்டுகள் செல்லும், அதற்கு மேல் புதுப்பிக்கவும் செய்யலாம்.

சொத்துகளில் 401(கே) போன்ற வேலையிட ஓய்வுக்கால நிதிக்கு நல்ல பாதுகாப்பு உண்டு. நீங்களாகத் திறக்கும் ஓய்வுக்காலக் கணக்கான ஐ.ஆர்.ஏ.வுக்கு மாநிலத்தைப் பொறுத்து மாறும். குடியிருக்கும் வீட்டுக்கு டெக்சாஸிலும் ஃபுளோரிடாவிலும் பலமான பாதுகாப்பு இருக்கிறது, நியூ ஜெர்சியில் அந்த மாதிரி இல்லை. வங்கிச் சேமிப்பு, ப்ரோக்கரேஜ் கணக்கில் இருக்கும் பங்குகள், வேலை செய்யும் கம்பெனி கொடுத்து, வெஸ்ட் ஆகி (உங்களுக்கே சொந்தமாகி) கையில் வந்த ஆர்.எஸ்.யூ. பங்குகள் இவையெல்லாம் பொதுவாக எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஐ.டி. வேலையில் இருக்கும் பல தம்பதிகளின் சேமிப்பு இந்த வடிவத்தில்தான் இருக்கிறது.

வாடகை வீட்டில் இருப்பவரும் அம்ப்ரெல்லா வாங்கலாம். அடியில் ரென்டர்ஸ் பாலிசியும் கார் பாலிசியும் இருந்தால் போதும்.

கார் விபத்துக்கு மட்டும்தானா?

இல்லை, ஆனால் கார்தான் முக்கியக் காரணம். வீட்டுப் பக்கத்தில் நாய்க்கடி, நீச்சல் குளம், டிராம்போலின், பனியில் வழுக்கி விழும் விருந்தாளி என்று வரும். கலிஃபோர்னியாவில் நாய் இதற்கு முன் யாரையும் கடித்ததில்லை என்ற வாதம் எடுபடாது. கடித்தால் உரிமையாளர் பொறுப்பு. குளமும் டிராம்போலினும் இருந்தால், அழைக்காமல் உள்ளே வந்த பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அடிபட்டாலும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கலாம். குழந்தைகளை ஈர்க்கும் ஆபத்தான பொருளை வேலி போடாமல் வைத்தது உங்கள் தவறு என்று சட்டம் பார்க்கும்.

வீட்டில் விருந்து வைத்து மது பரிமாறுகிறவர்கள் ஒரு வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1984இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் ‘கெல்லி எதிர் க்வின்னெல்’ வழக்கில், போதை ஏறியது தெரிந்தும் விருந்தாளிக்குத் தொடர்ந்து ஊற்றிக்கொடுத்து, அவர் கார் ஓட்டிப் போவார் என்று தெரிந்தும் விட்ட வீட்டுக்காரர், அந்த விருந்தாளி இடித்தவருக்குப் பொறுப்பாவார் என்று தீர்ப்பளித்தது. பல மாநிலங்கள் இந்த அளவுக்குப் போகவில்லை. கலிஃபோர்னியாவில் வயது வந்த விருந்தாளிக்குக் கொடுத்த மதுவுக்காக வீட்டுக்காரரைப் பெரும்பாலும் பொறுப்பாக்குவதில்லை. நியூ ஜெர்சியின் எடிசனில் தீபாவளி பார்ட்டி வைப்பவருக்கும் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் வைப்பவருக்கும் சட்டம் வேறு வேறு.

இன்னொன்று, பல அம்ப்ரெல்லா பாலிசிகள் அவதூறு வழக்குக்கும் பொருந்தும். சாதாரண வீட்டு பாலிசியில் அது பெரும்பாலும் இருக்காது. அடியில் எந்தப் பாலிசியும் இல்லாத இந்த மாதிரிக் க்ளெய்ம்களில் ஒரு சிறு தொகையை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். வேண்டுமென்றே பொய் என்று தெரிந்து எழுதியதற்கு எந்தப் பாலிசியும் துணை வராது.

வக்கீல் செலவு?

பெரும்பாலான பாலிசிகளில் அதையும் கம்பெனியே பார்க்கிறது. அந்தச் செலவு உங்கள் 1 மில்லியனிலிருந்து கழிக்கப்படாமல் தனியாக இருப்பது வழக்கம். உங்களுடையதில் எப்படி என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நஷ்டஈடு ஒரு பைசா தர வேண்டியிராத கேஸிலும் இது பெரிய உதவி.

எதற்குக் கொடுக்காது?

வேண்டுமென்றே செய்த செயல், தொழில் சம்பந்தப்பட்ட பொறுப்பு, டாக்டர் அல்லது கன்சல்டன்ட் என்ற முறையில் செய்த தொழில்முறைத் தவறு, ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்ட பொறுப்பு ஆகியவற்றுக்குக் கொடுக்காது. வீட்டிலேயே டேகேர் நடத்துகிறீர்கள், சமைத்து விற்கிறீர்கள், காரில் ஊபர் ஓட்டுகிறீர்கள் என்றால் அதற்குத் தனிக் காப்பீடு வேண்டும். ஒரே வீட்டில் வசிக்கும் குடும்பத்தினருக்கு உங்களால் ஏற்பட்ட காயத்தையும் பல பாலிசிகள் விலக்குகின்றன.

அடியில் எவ்வளவு லையபிலிட்டி வைத்திருக்க வேண்டும்?

கார் பாலிசியில் 250/500/100, வீட்டு பாலிசியில் 300,000 என்று கேட்பது வழக்கம். சில கம்பெனிகள் கொஞ்சம் கூடக்குறையக் கேட்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அம்ப்ரெல்லா வாங்கும்போது 250/500 வைத்திருந்தீர்கள். அடுத்த ஆண்டு பிரீமியம் ஏறிவிட்டதென்று, ஆன்லைனில் வேறு கம்பெனிக்கு மாறும்போது 100/300க்கு இறக்கிவிட்டீர்கள். அம்ப்ரெல்லா கம்பெனியிடம் சொல்லவில்லை. மேலே சொன்ன அதே 850,000 டாலர் விபத்து இப்போது நடந்தால், கார் பாலிசி 100,000 கொடுக்கும். அம்ப்ரெல்லாவோ 250,000க்கு மேல்தான் ஆரம்பிக்கும், அதாவது 600,000. நடுவில் இருக்கும் 150,000 டாலரை நீங்கள்தான் கட்ட வேண்டும். அம்ப்ரெல்லா இருந்தும் இந்த ஓட்டையில் விழ முடியும் என்பதால், ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அடிப் பாலிசியின் எண்களை ஒத்துப் பாருங்கள். கார், வீடு, அம்ப்ரெல்லா மூன்றையும் ஒரே கம்பெனியில் வைத்தால் இந்தச் சிக்கல் குறையும். தனியாகவும் வாங்கலாம். ஆர்.எல்.ஐ. போன்ற கம்பெனிகள் அடிப் பாலிசி வேறு இடத்தில் இருந்தாலும் அம்ப்ரெல்லா மட்டும் கொடுக்கின்றன.

விலை எவ்வளவு ஆகும்?

ஒரு வீடு, இரண்டு கார், சுத்தமான டிரைவிங் ரெக்கார்ட் என்றால் முதல் மில்லியனுக்கு ஆண்டுக்குச் சில நூறு டாலர். இரண்டாவது மில்லியன் முதலாவதைவிட மலிவு. பதின்வயது ஓட்டுநர், நீச்சல் குளம், வாடகைக்கு விட்ட வீடு, சமீபத்திய விபத்து இவை இருந்தால் ஏறும். அடிப் பாலிசியை உயர்த்துவதற்கான கூடுதல் பிரீமியத்தையும் சேர்த்துத்தான் மொத்தச் செலவைப் பார்க்க வேண்டும். விளம்பரங்களில் அதைச் சொல்ல மாட்டார்கள்.

எத்தனை மில்லியன் எடுப்பது?

சொத்து மதிப்புக்குச் சமமாக எடுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது ஆரம்பக் கணக்குதான். வழக்குத் தொகையை முடிவு செய்வது அடிபட்டவரின் காயம், உங்கள் வங்கி இருப்பு அல்ல. முப்பது வயதில் சேமிப்பு குறைவாக இருந்தாலும் இன்னும் முப்பது ஆண்டுச் சம்பளம் முன்னால் இருக்கிறது. பெரும்பாலான இரட்டைச் சம்பளக் குடும்பங்களுக்கு 1 மில்லியன் என்பது ஆரம்பம், 2 அல்லது 3 நியாயமான அளவு என்பது என் கருத்து.

பையனுக்கு 16 வயது, லைசென்ஸ் எடுத்துவிட்டான்.

அம்ப்ரெல்லா வாங்க இதைவிட நல்ல காரணம் இல்லை. கலிஃபோர்னியாவில் மைனரின் லைசென்ஸ் விண்ணப்பத்தில் கையெழுத்திடும் பெற்றோர், அவன் ஓட்டி ஏற்படுத்தும் சேதத்துக்குச் சட்டம் வகுத்த வரம்புக்குள் பொறுப்பாகிறார்கள். ஃபுளோரிடாவில் காரை யாருக்குக் கொடுத்தாலும் உரிமையாளருக்குப் பொறுப்பு உண்டு. பிரீமியம் ஏறுமே என்று பயந்து பிள்ளையின் பெயரைச் சேர்க்காமல் விடும் பெற்றோர் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வீட்டில் இருக்கும் ஓட்டுநரை மறைத்தது தெரிந்தால், மிக மோசமான நாளில் கம்பெனி கையை விரிக்கக்கூடும்.

அம்மா அப்பா ஆறு மாதம் வந்து தங்குகிறார்கள். அவர்களுக்கும் இது பொருந்துமா?

இரண்டு தனிக் கேள்விகள் இதில் இருக்கின்றன. அவர்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் அம்ப்ரெல்லா உதவாது, விசிட்டர் மெடிக்கல் இன்சூரன்ஸ்தான் வேண்டும். அவர்களால் இன்னொருவருக்கு ஏதாவது நேர்ந்தால், உதாரணமாக அப்பா நாயை நடைக்குக் கூட்டிப்போய் அது யாரையாவது கடித்துவிட்டால், அவர் உங்கள் வீட்டில் ‘வசிக்கும் உறவினரா’ என்ற கேள்வி எழும். ஆறு மாத விருந்தாளியை ஒவ்வொரு கம்பெனியும் ஒரே மாதிரி பார்க்காது. ஏஜென்டுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். அப்பா கார் ஓட்டப் போகிறார் என்றால் சாவியைக் கொடுக்குமுன் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள்.

வாடகைக்கு விட்ட வீடு இருக்கிறது.

அந்த வீட்டுக்கு லேண்ட்லார்ட் பாலிசி எடுத்து, அதை அம்ப்ரெல்லாவில் குறிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். வீடு எல்.எல்.சி. (நீங்கள் பதிவு செய்த சிறு கம்பெனி) பெயரில் இருந்தால் தனிநபர் அம்ப்ரெல்லா பெரும்பாலும் பொருந்தாது, கமர்ஷியல் பாலிசிதான் எடுக்க வேண்டும். ஏர்பிஎன்பி மாதிரி நாள் வாடகைக்கு விடுவது தனிச் சமாசாரம், கட்டாயம் கேளுங்கள்.

தமிழ்ச் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறேன். பொங்கல் விழாவில் யாராவது கீழே விழுந்தால்?

முதலில் சங்கத்தின் பெயரில் நிகழ்ச்சிக் காப்பீடு இருக்க வேண்டும். அரங்கம் கொடுக்கும் பள்ளிகளும் அதைக் கேட்பார்கள். லாப நோக்கமற்ற அமைப்பில் சம்பளமில்லாமல் செய்யும் பணியின்போது நேரும் உடற்காயத்துக்குச் சில அம்ப்ரெல்லா பாலிசிகள் பொருந்தும். கணக்கு வழக்கு, நிர்வாக முடிவு பற்றிய வழக்குகளுக்குப் பொருந்தாது. அதற்கு நிர்வாகிகள் பொறுப்புக் காப்பீட்டைச் சங்கம் எடுக்க வேண்டும். செயற்குழுக் கூட்டத்தில் இந்தக் கேள்வியை எழுப்புங்கள்.

இன்னொருவர் என்னை இடித்து, அவரிடம் இன்சூரன்ஸ் இல்லையென்றால்?

சாதாரண அம்ப்ரெல்லா அதற்கு உதவாது. அதற்கு உங்கள் கார் பாலிசியில் அன்இன்ஷூர்டு (இன்சூரன்ஸ் இல்லாத), அண்டர்இன்ஷூர்டு (போதிய இன்சூரன்ஸ் இல்லாத) மோட்டாரிஸ்ட் என்ற வரிகள் இருக்கின்றன. மாநில விதி அனுமதிக்கும் இடங்களில் லையபிலிட்டி அளவுக்கு அதையும் உயர்த்துங்கள். சில கம்பெனிகள் கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு அம்ப்ரெல்லாவிலேயே இதைச் சேர்க்கின்றன. 30,000 டாலர் பாலிசியோடு எத்தனை பேர் சாலையில் ஓடுகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தால், குடும்பத்துக்கு இதுவும் அம்ப்ரெல்லா அளவுக்கு முக்கியம் என்பது புரியும்.

எப்படியும் ஊருக்குத் திரும்பிவிடுவோம். தீர்ப்பு அங்கே வருமா?

இந்தியாவின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், அமெரிக்கா நேரடியாகத் தீர்ப்பை நிறைவேற்றிக்கொள்ளக்கூடிய நாடுகளின் பட்டியலில் இல்லை. அமெரிக்கத் தீர்ப்பை வைத்து இந்தியாவில் புதிதாக வழக்குப் போட்டுத்தான் வசூலிக்க முடியும். சிரமம்தான், முடியாதது அல்ல. ஆனால் வீடும் சேமிப்பும் பங்குகளும் அமெரிக்காவில் இருக்கும்வரை அவை அங்கேயே சிக்கிக்கொள்ளும். அடிபட்டவரைக் கைவிட்டுப் போவது என்ற கேள்வியும் நம் மனசாட்சியிடம் நிற்கும். ஆண்டுக்குச் சில நூறு டாலரைச் சேமிக்க இதை ஒரு திட்டமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

விபத்து நடந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

முதலில் 911. அடிபட்டவருக்கு உதவுங்கள். போலீஸ் கேட்பதற்கு உண்மையைச் சொல்லுங்கள், ஆனால் சாலையில் நின்றுகொண்டு ‘செலவெல்லாம் நான் கொடுத்துவிடுகிறேன்’ என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். அப்புறம் கார் பாலிசி கம்பெனிக்குச் சொல்லும் அதே நாளில் அம்ப்ரெல்லா கம்பெனிக்கும் தனியாகச் சொல்லிவிடுங்கள். ‘கார் பாலிசியே போதும், அவ்வளவு பெரிய அடி இல்லை’ என்று நாமாக முடிவு செய்து சும்மா இருப்பது தவறு. தாமதமாகச் சொன்னார்கள் என்ற காரணத்துக்காகவே க்ளெய்ம் மறுக்கப்படலாம்.

வழக்கு உடனே வர வேண்டும் என்பதில்லை. கலிஃபோர்னியா, டெக்சாஸ், நியூ ஜெர்சி மூன்றிலும் காயத்துக்கு வழக்குப் போடப் பொதுவாக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, நியூயார்க்கில் மூன்று. அடிபட்டது குழந்தையாக இருந்தால் அது வயதுக்கு வந்த பிறகும் போடலாம். பணம் கொடுக்க வேண்டியது விபத்து நடந்த நாளில் நடப்பில் இருந்த பாலிசிதான். அதனால் கம்பெனி மாறினாலும் பழைய டிக்ளரேஷன் பேஜ்களை ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருங்கள்.